மூத்த பூனையின் ஹக்கு



பூனை வளர்ப்பது குறித்து மதரஸாவில் எங்களிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. பூனை வாய் வைத்த தண்ணீரில் உளூச் செய்யலாமா? அதன் முடி ஒட்டிய ஆடையுடன் தொழலாமா? முஸல்லாவின் மீது ஏறிப் படுத்தால் என்ன செய்வது? பெற்றோர் கேட்கிறார்கள், பிள்ளைகள் கேட்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் இரவு பதினொரு மணிக்குக் குரல் பதிவு அனுப்பிக் கேட்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் ஃபிக்ஹு நூல்களில் விடை இருக்கிறது. எடுத்துச் சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை.

அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் வருகிறது. "வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. பிள்ளை இன்னொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். வைத்துக்கொள்ளலாமா?" வைத்துக்கொள்ளலாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியும். ஆனால் இவ்வாறு கேட்டவர்களில் ஒருவர்கூட, ஏற்கெனவே இருக்கும் பூனைக்கு இதில் என்ன ஹக்கு இருக்கிறது என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. அதை எழுப்பியவர் எங்கள் மாமி.

காயல்பட்டினத்து வழக்கத்தை அறியாதவர்களுக்காக ஒரு செய்தி. எங்கள் ஊரில் திருமணம் ஆனதும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறார். ஆகவே இந்த வீடு எங்கள் மாமியின் வீடு. மாமா ஹயாத்தோடு இருந்த காலத்தில் கப்பலில் பணியாற்றியவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின் ஒருநாள் கடைத்தெருவிலிருந்து காய்கறிப் பைக்குள் ஒரு சாம்பல் நிறக் குட்டியை வைத்துக்கொண்டு வந்தார். அதற்கு மாலுமி என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லே அரபியின் 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்ததுதான். வழிகாட்டுபவர், கற்றுக்கொடுப்பவர் என்ற பொருளில் கடலோடிகள் கொண்டுவந்த சொல் தமிழில் கப்பல்காரரைக் குறிக்கலாயிற்று. மதரஸா முஅல்லிம்களும் அந்தப் பூனையும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

மாமா வஃபாத்தானபோது மாலுமிக்கு எட்டு வயது. மாமி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்த அறையில், அவரோடு இரவு பகலாக இருந்த உயிர் அதுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், நாங்கள் மதரஸாவுக்குப் போவோம், வீட்டார் அடுப்படியில் இருப்பார்கள். மாலுமி மட்டும் எங்கும் போகாது. மாமி தஸ்பீஹ் ஓதும்போது அதன் முதுகில் ஒரு கை இருக்கும். இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வயதான தெருப்பூனை. மாமிக்கோ அது தம் கணவர் விட்டுச்சென்ற அமானிதம்.

2023 டிசம்பர் மழையை எங்கள் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். 17ஆம் தேதி தொடங்கி, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தெருக்களில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, சாலைகள் அறுந்து கிடந்தன. தண்ணீர் வடியத் தொடங்கிய நாளில் எங்கள் இளைய மகன், அப்போது ஒன்பது வயது, பின்பக்க முடுக்கில் ஒரு சன்னல் மேற்கூரையின் மீது நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைக் கண்டான். கண்ணில் பிறவி நீலம் இன்னும் முழுதாக மாறவில்லை. ஐந்து அல்லது ஆறு வாரக் குட்டியாக இருக்கலாம்.

உடனே தூக்கி வர நாங்கள் விடவில்லை. அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. பயணத்தின்போது தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளை எடுத்து அதனைத் துன்புறுத்தியது யாரென்று வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். தாய்ப்பூனை இரை தேடிப் போயிருக்கக்கூடும். எனவே குட்டியை நனையாத ஓர் இடத்திற்கு மட்டும் மாற்றிவிட்டு, அன்று பகல் முழுவதும் தொலைவிலிருந்து பார்த்திருந்தோம். முடுக்கின் இரு முனைகளிலும் உள்ள வீடுகளில் விசாரித்தோம். மஃரிப் வரை எந்தப் பூனையும் வரவில்லை. மழை மறுபடி பிடித்தது. குட்டி வீட்டுக்குள் வந்தது.

மாமி வாசலில் நின்று பார்த்தார். "உசுரு பொழைக்கட்டும், கொண்டு போங்க. ஆனா மாலுமிக்கு இது தெரிய வேணாம்" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னது, பூனைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் விதிதான்.

மனிதன் தன் வீட்டைக் கண்ணால் அறிகிறான். பூனை மூக்கால் அறிகிறது. அதன் கன்னத்திலும் நெற்றியிலும் மணச்சுரப்பிகள் உள்ளன. கதவு நிலையில், கட்டில் காலில், நம் கணுக்காலில் அது முகத்தைத் தேய்ப்பது கொஞ்சலுக்காக மட்டுமன்று. இது என் இடம், இங்கே அச்சமில்லை என்று எழுதி வைக்கிறது. தனித்து வேட்டையாடிய காட்டுப்பூனையின் வழியில் வந்த பிராணி அது. அந்நிய மணத்தோடு ஓர் உயிர் திடீரென நடுக்கூடத்தில் நின்றால், பதினொரு ஆண்டுகளாக எழுதி வைத்த பட்டா ஒரே நொடியில் செல்லாமற்போகிறது.

சூரா அந்நூரின் 27ஆம் வசனம் பிறர் வீட்டுக்குள் நுழையும் ஒழுங்கைச் சொல்கிறது. அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையவேண்டும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் அனுமதி கேட்பதைக் குறிக்க அங்கே வந்துள்ள சொல் 'தஸ்தஃனிஸூ'. அதன் வேர் 'உன்ஸ்'. பரிச்சயம், அச்சம் நீங்கிய நெருக்கம் என்று பொருள். வீட்டில் இருப்பவரின் உள்ளம் நம் வருகையோடு இணங்கும் வரை வாசலில் நிற்கவேண்டும் என்ற நுட்பம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வசனம் மனிதர்களுக்கானது. பூனைகளுக்கு அதை நாங்கள் சட்டமாக்கவில்லை. ஆயினும் அந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியும், ஒரு குட்டியை மாடியறையில் வைத்துப் பார்த்த நாட்களில்தான் அதன் சுவை எங்களுக்கு எட்டியது. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து முதல் மாதத்தைக் கழித்த எங்கள் ஊர் ஆண்களுக்கு இன்னும் விளக்கவேண்டியதில்லை.

குட்டியை மாடியறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். மணத்துக்காக மட்டுமன்று, நோய்க்காகவும்தான். தெருக்குட்டியின் உடலில் தெள்ளும் குடற்புழுவும் அநேகமாக இருக்கும். காதில் உண்ணி இருக்கலாம். பூனைகளுக்கு வரும் கொடிய கழிச்சல் நோயின் கிருமி வெளியே தெரியாமல் உள்ளே இருக்கலாம். மூத்த பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இரண்டு வாரம் தனித்து வைப்பதே பாதுகாப்பு. சாலை சீரானதும் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழுமருந்து கொடுத்தோம். தடுப்பூசியை எட்டு வாரத்தில் தொடங்கலாம் என்றும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுதவணை வேண்டும் என்றும், வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்திற்குப் பிறகு என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். அண்டை வீட்டுப் பெண்கள் பரிவோடு கொண்டுவந்த பசும்பாலை மட்டும் கொடுக்கவேண்டாம் என்றார். பூனைக்குட்டிக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். இளங்குட்டிக்கு அதுவே உயிரைப் பறித்துவிடும். உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து, முள் எடுத்து மசித்த சாளை மீனே அதன் உணவாயிற்று.

மாலுமிக்குத் தெரிய வேண்டாம் என்பது ஒரு நாள்கூட நடக்கவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த மகனின் கையை முகர்ந்துவிட்டு, அவனைப் பார்த்தே அது சீறியது. பிறந்ததிலிருந்து தன்னோடு விளையாடிய பூனை தன் மீது சீறியதில் பையனுக்கு முகம் வாடிவிட்டது. மேலே போய் வந்தால் கையைக் கழுவவேண்டும், மேலே அணியும் சட்டை தனி என்று விதி வைத்தோம்.

அதன் பின் துணி மாற்றும் வேலை தொடங்கியது. மாமியின் பழைய துப்பட்டியிலிருந்து இரண்டு துண்டுகள் கிழித்தோம். ஒன்றால் குட்டியின் கன்னத்தைத் துடைத்து, மாலுமி இருக்கும் கூடத்தின் ஓரத்தில் போட்டோம். உணவுத் தட்டுக்கு அருகில் போடக் கூடாது; தொலைவில் போட்டு, பூனை தானாகப் போய் முகரும் வரை விட்டுவிட வேண்டும். மற்றொன்றால் மாலுமியைத் துடைத்து மேலே குட்டியின் அறையில் வைத்தோம். குட்டி அதன் மீதே சுருண்டு உறங்கியது. மாலுமியோ தன் பங்குத் துணியை மூன்று நாள் சுற்றிப் போனது. நான்காம் நாள் முகர்ந்தது. ஐந்தாம் நாள் அதன் மீது உட்காராவிட்டாலும் அருகே உட்கார்ந்தது. இந்த வேகத்தைக் கண்டு தெருவில் எங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

"இரண்டையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டுங்கள். ஒரு ராத்திரி அடித்துக்கொள்ளும், காலையில் சரியாகிவிடும்" என்று அறிவுரை சொன்னவர்கள் பலர். எங்களைவிடப் பூனைகளோடு அதிகம் பழகியவர்களும் அவர்களில் உண்டு. பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் முடிவு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த ஹதீஸை நாம் பட்டினியோடு மட்டும் சேர்த்துப் படிக்கிறோம். தப்பிச் செல்ல வழியில்லாத நிலையில் ஓர் உயிரை வைத்தது அதன் மறுபாதி. பூனைச் சண்டையில் தோற்கும் பூனைக்கு ஓடும் வழி இருக்கவேண்டும். பூட்டிய அறையில் அது இல்லை. காலையில் "சரியாகிவிட்டது" என்று நாம் காண்பது பெரும்பாலும் அஞ்சி ஒடுங்கிய ஒரு பூனையைத்தான்.

ஒன்பதாம் நாள் நாங்கள் எதிர்பாராதது நடந்தது. வெள்ளத்தின் ஈரத்தில் ஊதியிருந்த மாடிக்கதவு உலர உலரச் சுருங்கி, இஷாவுக்குப் பிறகு காற்றில் தாழ்ப்பாளிலிருந்து நழுவித் திறந்துகொண்டது. குட்டி படியிறங்கி வந்து, நேராக மாலுமியின் தட்டில் வாய் வைத்தது. மாலுமி பாயவில்லை. அடித்தொண்டையில் ஓர் உறுமல், உடல் முழுதும் விறைத்து, கண் இமைக்காத பார்வை. சீறலைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை, அது விலகிப் போ என்னும் சொல். இந்த அசையாத பார்வைக்குத்தான் அஞ்சவேண்டும். வீட்டார் ஒரு தலையணையை இரண்டுக்கும் நடுவே வைத்து மறைத்துக் குட்டியை எடுத்துச் சென்றார்கள். கீறல்கூட இல்லை.

ஆனால் அன்றிரவு மாலுமி மாமியின் முஸல்லாவில் சிறுநீர் கழித்துவிட்டது. பதினொரு ஆண்டில் ஒருமுறைகூட அவ்வாறு செய்யாத பூனை. தஹஜ்ஜுத்துக்கு எழுந்த மாமி இருட்டில் அந்த ஈரத்தில் கால் வைத்தார். மறுநாளும் அதே இடத்தில் அதே காரியம். உணவைத் தொடவில்லை. சுவர் மாடத்தில் ஏறி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டது.

மாமி கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் மெல்லச் சொன்னார். "மாப்பிள்ளை, குட்டி மேல எனக்கு வெறுப்பில்ல. ஆனா அவங்க வச்சிட்டுப் போன உசுரு இது. அது இந்த வீட்ட விட்டுப் போனா, நான் அதைத் தேடி எந்தத் தெருவுக்குப் போவேன்?" இத்தனை ஆண்டுகளில் அவர் எங்களிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அரிது.

அன்று லுஹருக்குப் பின் பெரியவர்கள் அமர்ந்து பேசினோம். ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமைகளைச் சொல்லி, உரிமை உள்ள ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்துவிடும்படி கூறினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனை உண்மையென்று ஏற்றார்கள். புகாரியில் உள்ளது. குட்டிக்கு இரக்கம் காட்டுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இரக்கத்தின் செலவை யார் கணக்கில் எழுதுகிறோம்? எங்களுக்கு அதில் ஒரு தட்டு மீனும் ஓர் அறையுமே செலவு. மாலுமிக்கோ வீடே செலவு, மாமிக்கோ இன்னும் அதிகம். மூத்ததன் ஹக்கை எடுத்து இளையதற்கு ஸதகா கொடுக்க எங்களுக்கு உரிமையில்லை என்று முடிவு செய்தோம். ஆகவே மாமிக்கு வாக்குக் கொடுத்தோம்: பதினைந்து நாளுக்குள் மாலுமி பழையபடி உண்டு, பழைய இடத்தில் உறங்கவில்லை என்றால், குட்டியை நல்லதொரு வீட்டில் ஒப்படைப்போம். மகனை அழைத்து அவன் முன்னிலையிலேயே சொன்னோம். அவனுக்குத் தெரியாமல் அத்தகைய வீட்டைத் தேடவும் தொடங்கினோம்.

அவன் அழுதான். பிறகு இரவில் வந்து கேட்டான். "வாப்பா, கொம்புள்ள ஆட்டுக்கிட்டருந்து கொம்பில்லாத ஆட்டுக்கு மறுமையில நியாயம் கெடைக்கும்னு பாடத்துல இருக்கே. மாலுமியும் அங்க வந்து என்னைச் சொல்லுமா?" ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அந்தச் செய்தியைச் சிறுவர்களுக்கு நாங்கள் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம்; எவரும் அதைத் தன் மேல் போட்டுக் கேட்டதில்லை. "சொன்னால் உன்னை மட்டும் சொல்லாது, இந்த வீட்டில் உள்ள எல்லோரையும் சொல்லும். அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லாதபடி செய்துவிடுவோம்" என்றோம். அவன் சற்று ஆறுதலடைந்தவனாகத் தெரிந்தது.

மறுநாள் காலையே மாலுமியைக் கூடையில் வைத்து மருத்துவரிடம் கொண்டு போனோம். இரண்டு செய்திகளை எல்லாரும் நினைவில் வைத்திருக்கவேண்டும். பூனை முழுதாக இரண்டு நாள் உண்ணாவிட்டால் காத்திருக்கக் கூடாது. பட்டினியில் அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே கேடாகலாம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அது மறுநாளைக்குத் தள்ளிப்போடும் காரியமே அன்று; அடைப்பு ஏற்பட்ட பூனை மிக விரைவில் இறந்துபோகும். மாலுமிக்கு அடைப்பு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மன இறுக்கத்தால் வந்தது என்றார் மருத்துவர். பூனை பழிவாங்குவதற்காக அப்படிச் செய்வதில்லை, அச்சத்தில் தன் மணத்தை ஓர் இடத்தில் நிறுத்திப் பார்க்கிறது என்றும் சொன்னார். அது ஏன் முஸல்லாவைத் தேர்ந்தது என்று எங்களுக்குப் புரிந்தது. வீட்டில் மாமியின் மணம் மிகுதியாக உள்ள துணி அதுதான்.

முஸல்லாவைக் கழுவியதில் ஒரு பாடம் உண்டு. நஜீஸை நீக்கி, தண்ணீர் ஊற்றி, நிறமும் வாடையும் போகக் கழுவிவிட்டால் அது தொழுகைக்குச் சுத்தமாகிவிட்டது. நம் மூக்குக்கு வாடை இல்லை. ஆனால் பூனையின் மூக்குக்கு அது இன்னும் அங்கே இருக்கிறது; எனவேதான் இரண்டாம் நாளும் அதே இடத்துக்கு வந்தது. தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைத்து அலசி வெயிலில் இரண்டு நாள் உலர்த்திய பிறகே அது மறந்தது. நம் வீடுகளில் வழக்கமான பினாயிலை இதற்கு ஊற்றிவிட வேண்டாம். அது பூனைக்கு நஞ்சு. தரையில் ஊற்றியதைப் பாதத்தால் மிதித்துப் பிறகு நாவால் நக்கிவிடும்.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். மாடிக்கதவுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டோம். மணல் தொட்டிகள் மூன்று ஆயின. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும் என்பது கணக்கு. கடற்கரை மணலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மாலுமியின் சுவர் மாடத்தில் பழைய துப்பட்டியை மடித்துப் போட்டு, அந்த உயரம் அதற்கு மட்டுமே என்று விட்டோம்.

மற்றவற்றை மாமி தம் கையில் எடுத்துக்கொண்டார். மீனை விரலால் பிசைந்து மாடத்துக்கே கொண்டுபோய், "சாப்பிடு வாப்பா" என்று ஊட்டினார். முதல் வேளை நக்கியது, இரண்டாம் வேளை தின்றது. முதலில் மாலுமிக்கு, அதன் பிறகே குட்டிக்கு என்பது வீட்டின் சட்டமாயிற்று. பின்னர் அவர் தட்டை மாடத்திலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து படிக்கட்டின் அடிக்கு, நாளுக்கு ஒரு படியாக மேலே என்று நகர்த்தினார். முழங்கால் வலியோடு படியேறியவர் அவர். பதினோராம் நாள் மாலுமி மாடிக்கதவின் இப்பக்கம் உண்டது. அதே வேளையில் அப்பக்கம் குட்டி உண்டது. கதவின் அடியில் உள்ள இடைவெளியில் ஒரு சிறு பாதம் நீண்டு வந்தது. மாலுமி அதைப் பார்த்தது, சீறியது, திரும்பவும் தட்டில் வாய் வைத்தது. சீறிவிட்டு உண்கிறது என்றால் கவலையில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாமி கீழே வந்து வீட்டாரிடம் கேட்டது இதுதான்: "அந்தக் குட்டிக்கு மீன் போதுதா?"

பதினைந்து நாள் முடிந்தபோது தவணையைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மாலுமி பழைய பாயில் உறங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு மரக்கதவைத் திறந்துவிட்டு, கொசுவலை அடித்த கதவு ஒன்றை இடையில் வைத்தோம். அது ஒரு வாரம். பூனைகள் அறையை மாற்றிக்கொள்வது இன்னும் சில நாள். குட்டி கூடத்தில் ஒரு மணி நேரம் உலவும்போது மாலுமி மாடியறையை ஆராயும். நேருக்கு நேர் சந்திப்பு ஓர் அஸருக்குப் பின் நடந்தது. யாரும் குட்டியைக் கையில் ஏந்தி மாலுமியின் முகத்தருகே கொண்டுபோகக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தோம். பிடியில் உள்ள குட்டி ஓடவும் முடியாது, பிடித்திருப்பவரின் முகத்துக்குக் கீறலும் நிச்சயம். குட்டியின் கவனத்தை மகன் ஒரு நூலால் இழுத்துக்கொண்டான். மாமி மாலுமியின் அருகே அமர்ந்து தஸ்பீஹ் ஓதினார். பத்து நிமிடம். குட்டி மிக நெருங்கியபோது மாலுமி ஓர் அறை கொடுத்தது, நகம் வெளியே வரவில்லை. குட்டி பின்வாங்கி உட்கார்ந்து தன் பாதத்தை நக்கியது. அதைத் தண்டிக்கவோ மாலுமியை அதட்டவோ யாரும் முனையவில்லை. சிறியவருக்கு ஒழுக்கம் கற்பிக்கும் வேலையை வீட்டின் முஅல்லிம் செய்துகொண்டிருந்தது.

குட்டிக்குப் பெயர் வைக்கவேண்டாம் என்று அதுவரை சொல்லி வந்த மாமி, அன்றிரவு மகனிடம் என்ன பெயர் நினைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவன் "ஹுரைரா" என்றான். பூனைக்குட்டி என்பதற்கு அரபியில் அதுவே சொல். ஆடு மேய்க்கையில் ஒரு சிறு பூனையைப் பகலில் உடன் வைத்து விளையாடி, இரவில் மரத்தில் விட்டு வைப்பேன், ஆகவே அப்பெயரால் அழைக்கப்பட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களே சொன்னதாகத் திர்மிதியில் உள்ளது. பெயர் நிலைத்தது.

இவ்விடத்தில் ஹதீஸ் பாடத்தில் நாங்கள் விரும்பி நடத்தும் ஒரு சிறு நுட்பத்தைச் சொல்லிக்கொள்கிறோம். அபூ கதாதா (ரலி) அவர்களின் உளூத் தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும்படி அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா வியந்து பார்த்தார்கள். அப்போதுதான், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிமொழியை அவர்கள் அறிவித்தார்கள். 'தவ்வாஃபீன்' என்பது அச்சொல். சூரா அந்நூரின் 58ஆம் வசனத்தில் வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருக்கும் சிறுவர்களுக்கும் பணியாளர்களுக்கும் இதே வேரிலிருந்துதான் 'தவ்வாஃபூன்' என்று சொல் வருகிறது. விருந்தாளியுமல்ல, உடைமையுமல்ல, வீட்டைச் சேர்ந்தவர்கள்.

இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உறங்கும் படங்களை அனுப்பி, உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்கிறார்கள். இல்லை. மாலுமிக்கு இப்போது வயது பதின்மூன்றைக் கடந்துவிட்டது. மாடத்துக்கு ஏற ஒரு முக்காலி போட்டிருக்கிறோம். ஹுரைரா சன்னலோரம். மழை இரவுகளில் மாமியின் பாயில் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. வழியில் எதிர்ப்பட்டால் மூக்கோடு மூக்கு வைத்துவிட்டு அவரவர் வழியே போய்விடும். எங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஹுரைராவுக்கு ஆறு மாதமானபோது கருத்தடை செய்வது பற்றிய பேச்சு எழுந்தது. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயன் கருதியோ கேட்டைத் தடுக்கவோ செய்வதில் குற்றமில்லை என்பது ஹனஃபி நூல்களில் காணப்படுகிறது; மற்ற மத்ஹபினர் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டு நடப்பது நலம். தெருவில் குட்டிகள் பெருகிச் சாவதைக் கண்டு கொண்டிருக்கும் நாங்கள், எங்கள் ஆசிரியரிடம் கேட்ட பிறகே செய்தோம். மூன்றாம் நாள் ஓடத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது மணல் தொட்டி இன்னும் படிக்கட்டின் கீழ் இருக்கிறது. இரண்டில் எதுவும் அதை இப்போது பயன்படுத்துவதில்லை. எடுத்துவிடலாமா என்று வீட்டார் கேட்கும்போதெல்லாம், இருக்கட்டும் என்று சொல்லி, மாதத்துக்கு ஒருமுறை மாமியே அதில் புது மணல் மாற்றி வைக்கிறார்.